சிஎஸ்எஸ் கொண்டு வலைப்பக்கப் படங்களை வேறுபடுத்துதல்

ஒரு வலைப்பக்கத்தில் உள்ள எல்லாப் படங்களையும் ஒரே தோற்றத்தில் காட்டாமல், சில படங்களுக்கு மட்டும் வேறு அளவு, ஓரம், இடம், நிறம் ஆகியவற்றை அமைத்துத் தரச் சிஎஸ்எஸ் என்னும் நடைத்தாள் மொழி பயன்படுகிறது. இம்மொழியில் எழுதப்படும் ஒவ்வொரு விதிக்கும் இரண்டு பகுதிகள் உண்டு. விதி எந்த உறுப்புகளுக்குப் பொருந்தும் என்பதைக் கூறும் பகுதி தேர்வி எனப்படும். அவ்வுறுப்புகள் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதைக் கூறும் பகுதி கட்டளை எனப்படும். சில படங்களை மட்டும் பிரித்தெடுத்து அழகமைக்கும் திறன் முழுவதும் தேர்வியில்தான் அடங்கியுள்ளது.

பாடப்பக்கங்களிலும் கலைக்களஞ்சியக் கட்டுரைகளிலும் படம் வெறும் அலங்காரமாக வருவதில்லை. நிலப்படம், நிறமாலை, கணிதச் சூத்திரம் போன்றவை தாமே செய்தியைச் சுமந்து வருகின்றன. அவற்றுக்குப் பொருந்தாத நடை தரப்பட்டால் பக்கத்தின் அழகு கெடுவதோடு, படிப்பவர் தவறான செய்தியைப் பெறவும் கூடும். ஆகவே எந்தப் படத்துக்கு எந்த விதி என்று முடிவு செய்வது, அப்படம் அப்பக்கத்தில் என்ன வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது.

சிஎஸ்எஸ் மொழியின் கட்டளைச் சொற்கள் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யப்படுபவை. இக்கட்டுரையில் அவற்றின் ஒலிப்பு தமிழ் எழுத்துகளில் தரப்பட்டுள்ளது.

பின்னணி

வலைப்பக்கத்தில் படத்தை இடுவதற்கான ஐஎம்ஜி என்னும் குறிச்சொல்லை 1993 பிப்ரவரி 25 அன்று மார்க் ஆண்ட்ரீசன் முன்மொழிந்தார். அவர் அப்போது அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மொசைக் உலாவியை உருவாக்கும் பணியில் இருந்தார். தொடக்க ஆண்டுகளில் படத்தின் ஓரக்கோடு, அகலம், எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பன போன்ற விவரங்கள் ஒவ்வொரு குறிச்சொல்லின் உள்ளேயே எழுதப்பட்டன. நூறு பக்கங்களில் உள்ள படங்களின் ஓரக்கோட்டை மாற்ற வேண்டுமானால், நூறு பக்கங்களையும் திறந்து திருத்த வேண்டியிருந்தது.

உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் பிரிக்கும் நடைத்தாள் மொழி ஒன்றை 1994 அக்டோபர் 10 அன்று, செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹோகன் வியூம் லீ முன்மொழிந்தார். பின்னர் பெர்ட் போஸ் அவருடன் இணைந்தார். சிஎஸ்எஸ் மொழியின் முதல் நிலை 1996 டிசம்பர் 17 அன்று உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக வெளிவந்தது. வகுப்பு, அடையாளம், சூழல் ஆகியவற்றைக் கொண்டு உறுப்புகளைத் தேர்ந்தெடுக்கும் வசதி அந்த முதல் நிலையிலேயே இருந்தது. பண்புக்கூறுகளைக் கொண்டு தேர்ந்தெடுக்கும் வசதி 1998 மே 12 அன்று வெளியான இரண்டாம் நிலையில் வந்தது.

ஒரே விதியால் விளையும் சிக்கல்

ராமன் விளைவு பற்றிய ஒரு பாடப்பக்கத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதில் ஐந்து வகைப் படங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

1. சி. வி. ராமனின் கருப்பு வெள்ளை நிழற்படம்.
2. ஒளி சிதறுவதை விளக்கும் கோட்டுப்படம். கருப்புக் கோடுகளைத் தவிர மற்ற இடம் ஒளி ஊடுருவும் வெற்றிடமாக உள்ளது.
3. சிதறிய ஒளியின் நிறமாலையைக் காட்டும் வண்ணப்படம்.
4. வரிகளுக்கு நடுவே சொற்களோடு சொற்களாக வரும் சூத்திரப் படங்கள்.
5. ஒலிப்பைக் கேட்பதற்கான சிறிய ஒலிபெருக்கிச் சின்னம்.

பக்கத்தை அமைப்பவர், எல்லாப் படங்களும் 300 பிக்சல் அகலத்தில், தனி வரியில், சாம்பல் நிற ஓரக்கோட்டுடன் வர வேண்டும் என்று ஐஎம்ஜி குறிச்சொல்லுக்கு ஒரே விதியை எழுதிவிட்டால் என்ன நேரும்? ராமனின் நிழற்படம் நன்றாகவே இருக்கும். சூத்திரங்கள் பெருத்து, வாக்கியத்தின் நடுவே வரியை உடைத்துக்கொண்டு தனியே நிற்கும். ஒலிபெருக்கிச் சின்னம் இழுபட்டு மங்கிப் பூதாகரமாகத் தெரியும். அகலமாக இருக்க வேண்டிய நிறமாலை சுருங்கி, அதன் கோடுகள் ஒன்றோடொன்று நெருங்கிவிடும்.

எல்லாப் படங்களுக்கும் பொதுவாக எழுதத்தக்க விதி மிகச் சிறியது. படம் தன்னைத் தாங்கும் பெட்டியின் அகலத்தைத் தாண்டக் கூடாது. அகலம் குறையும்போது உயரமும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். இதற்கு மேக்ஸ்-விட்த் என்னும் கட்டளைக்கு 100% என்ற மதிப்பும், ஹைட் என்னும் கட்டளைக்கு ஆட்டோ என்ற மதிப்பும் தரப்படுகின்றன. கைபேசித் திரையில் படம் வெளியே வழியாமல் இருக்க இது உதவும். சிறிய சின்னத்தை இது பெரிதாக்காது. சூத்திரத்தை வரியிலிருந்து பிரிக்காது. ஓரக்கோடு, நிழல், வட்டவடிவம், நிறமாற்றம் போன்ற மற்ற யாவும் தனித்தனி வகைகளுக்கான விதிகளில் இடம்பெற வேண்டியவை.

தேர்விகளின் வகைகள்

வகுப்புத் தேர்வி

படங்களை வேறுபடுத்த மிகுதியாகப் பயன்படுவதும் நம்பத்தக்கதும் இதுவே. பக்கத்தின் குறிமுறையில் படத்துக்கு கிளாஸ் என்னும் பண்புக்கூறு வழியாக ஒரு வகுப்புப் பெயர் தரப்படும். நடைத்தாளில் ஒரு புள்ளியும் அதனையடுத்து இடைவெளியின்றி அப்பெயரும் எழுதப்படும். ஒரே வகுப்பை எத்தனை படங்களுக்கும் தரலாம். ஒரே படத்துக்குப் பல வகுப்புகளையும் இடைவெளி விட்டுத் தரலாம். பள்ளியில் ஒரு மாணவர் எட்டாம் வகுப்பிலும் இருப்பார், சாரணர் அணியிலும் இருப்பார். அதுபோல ஒரு படம் நிலப்படம் என்ற வகுப்பிலும், அகலப்படம் என்ற வகுப்பிலும் ஒருசேர இருக்கலாம்.

அடையாளத் தேர்வி

ஐடி என்னும் பண்புக்கூறு ஒரு பக்கத்தில் ஒரே ஓர் உறுப்புக்கு உரியது. நடைத்தாளில் # என்னும் குறியுடன் எழுதப்படும். தளத்தின் முகப்புச் சின்னம் போன்ற ஒரே ஒரு படத்துக்கு இது ஏற்றது. இரண்டாவது படத்துக்கும் அதே தோற்றம் தேவைப்படும்போது இது உதவாது. மேலும் இதன் முன்னுரிமை மிக அதிகம் என்பதால், பின்னர் வேறு விதியால் மாற்றுவதும் கடினம்.

சூழல் தேர்வி

படத்துக்கென்று பெயர் எதுவும் தராமல், அது எதற்குள் இருக்கிறது என்பதைக் கொண்டும் தேர்ந்தெடுக்கலாம். வெளி உறுப்பின் பெயரை முதலிலும், இடைவெளி விட்டு ஐஎம்ஜி என்பதை அடுத்தும் எழுதினால், அவ்வுறுப்புக்குள் எந்த ஆழத்தில் இருக்கும் படத்துக்கும் விதி பொருந்தும். இரண்டுக்கும் இடையே > என்னும் குறியை இட்டால், நேரடியாக அதற்குள் இருக்கும் படத்துக்கு மட்டும் பொருந்தும். அடிக்குறிப்புப் பகுதியில் உள்ள சின்னங்கள், அட்டவணைக்குள் உள்ள சிறு படங்கள் ஆகியவற்றுக்கு இம்முறை எளிது.

வேர்ட்பிரஸ் தளங்களில் இது சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. அங்கே படத்தொகுதியின் மேம்பட்ட அமைப்புகளில் கூடுதல் சிஎஸ்எஸ் வகுப்பு ஒன்றை எழுதும் இடம் உண்டு. அங்கு எழுதப்படும் வகுப்பு, படத்தைச் சுற்றியுள்ள ஃபிகர் என்னும் உறையில்தான் சேர்கிறது. ஐஎம்ஜி குறிச்சொல்லில் சேர்வதில்லை. எனவே ஐஎம்ஜி என்பதோடு வகுப்பை ஒட்டி எழுதிய விதி வேலை செய்யாது. வகுப்பின் பெயரை எழுதி, இடைவெளி விட்டு, ஐஎம்ஜி என எழுத வேண்டும்.

பண்புக்கூறுத் தேர்வி

படத்தின் குறிச்சொல்லில் ஏற்கனவே உள்ள விவரங்களைக் கொண்டு தேர்ந்தெடுக்கும் முறை இது. சதுர அடைப்புக்குறிக்குள் பண்புக்கூறின் பெயர் எழுதப்படும். கோப்பு முகவரி குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கினால் ^ என்னும் குறியும், முடிந்தால் $ என்னும் குறியும், இடையில் எங்கேனும் வந்தால் * என்னும் குறியும் சமக்குறிக்கு முன் இடப்படும். இந்த மூன்று குறிகளும் தேர்விகளின் மூன்றாம் நிலையில் இடம்பெற்றவை. அது 2011 செப்டம்பர் 29 அன்று பரிந்துரையானது.

பழைய பக்கங்கள் நூற்றுக்கணக்கில் இருந்து, ஒவ்வொன்றிலும் வகுப்பு சேர்க்க இயலாதபோது இது கைகொடுக்கும். எடுத்துக்காட்டாக, சின்னங்கள் என்னும் கோப்புறையில் உள்ள எல்லாப் படங்களையும் முகவரியைக் கொண்டு ஒரே விதியால் பிடித்துவிடலாம். ஆயினும் கோப்பின் வகையையும் படத்தின் வேலையையும் ஒன்றாகக் கருதக் கூடாது. எஸ்விஜி என்று முடியும் கோப்புகள் எல்லாம் கருப்புக் கோட்டுப்படங்கள் அல்ல. வண்ணக் கொடியும் எஸ்விஜி கோப்பாக இருக்கலாம். மீடியாவிக்கி மென்பொருளில் இயங்கும் தளங்களில், எஸ்விஜி கோப்பின் சிறுபடம் பிஎன்ஜி கோப்பாக மாற்றியே வழங்கப்படுகிறது. அதன் முகவரி பிஎன்ஜி என்று முடியும். எஸ்விஜி என்ற முடிவைத் தேடும் தேர்வி அங்கே அப்படத்தைக் காணாது.

விலக்கும் தேர்வியும் உள்ளடக்கும் தேர்வியும்

நாட் என்னும் தேர்வி சிலவற்றை விலக்க உதவுகிறது. சூத்திரம் என்ற வகுப்பு இல்லாத எல்லாப் படங்களுக்கும் ஓரக்கோடு என்று இதைக் கொண்டு எழுதலாம். விலக்க வேண்டியவை ஒன்றிரண்டாக இருக்கும்வரை இது வசதியானது. விலக்குப் பட்டியல் நீளத் தொடங்கினால், ஓரக்கோடு தேவைப்படும் படங்களுக்கு வகுப்புத் தருவதே தெளிவான வழி.

ஹேஸ் என்னும் தேர்வி, தனக்குள் குறிப்பிட்ட உறுப்பைக் கொண்டுள்ள வெளி உறுப்பைத் தேர்ந்தெடுக்கிறது. நிலப்படத்தைத் தாங்கிய பெட்டியை மட்டும் முழு அகலத்துக்கு விரிக்கவும், அதன் விளக்க வரியை மாற்றவும் இது பயன்படும். 2022இல் சஃபாரி, குரோம் உலாவிகளிலும், 2023 டிசம்பரில் ஃபயர்பாக்ஸ் உலாவியிலும் இவ்வசதி வந்தது. அதற்கு முந்தைய உலாவிகள் இவ்விதியைப் புறக்கணித்துவிடும். ஆகவே இவ்விதி இல்லாவிட்டாலும் பக்கம் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும்.

முன்னுரிமை

ஒரே படத்துக்கு இரண்டு விதிகள் முரணான கட்டளைகளைத் தந்தால், எது வெல்லும் என்பதை உலாவி தேர்வியின் எடையைக் கொண்டு முடிவு செய்கிறது. எடை மூன்று எண்களாகக் கணக்கிடப்படும். முதல் எண் தேர்வியில் உள்ள அடையாளங்களின் எண்ணிக்கை. இரண்டாம் எண் வகுப்புகள், பண்புக்கூறுகள் ஆகியவற்றின் எண்ணிக்கை. மூன்றாம் எண் குறிச்சொல் பெயர்களின் எண்ணிக்கை. இடமிருந்து வலமாக ஒப்பிட்டு, முதலில் எங்கே வேறுபாடு வருகிறதோ அங்கே பெரிய எண் உள்ள விதி வெல்லும். மூன்றும் சமமானால், பின்னால் எழுதப்பட்ட விதி வெல்லும்.

ஐஎம்ஜி என்ற தேர்வியின் எடை 0-0-1. சூத்திரம் என்ற ஒரு வகுப்பின் எடை 0-1-0. எனவே பொது விதியை வகுப்பு விதி வெல்லும். ஆனால் தளத்தின் வார்ப்புருவில், உள்ளடக்கம் என்ற வகுப்புக்குள் உள்ள உரை என்ற வகுப்புக்குள் வரும் ஐஎம்ஜி என ஒரு தேர்வி ஏற்கனவே இருந்தால், அதன் எடை 0-2-1. புதிதாக எழுதிய சூத்திரம் என்ற விதி அதற்குத் தோற்றுவிடும். வகுப்பைச் சரியாகச் சேர்த்தும் படம் மாறவில்லை என்று பலர் திகைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நாட் தேர்வியிலும் இதே சிக்கல் மறைந்துள்ளது. அதன் அடைப்புக்குறிக்குள் உள்ளதன் எடையும் கணக்கில் சேரும். சூத்திரம் அல்லாத ஐஎம்ஜி என்ற தேர்வியின் எடை 0-1-1. உருவப்படம் என்ற தனி வகுப்பின் எடை 0-1-0 மட்டுமே. ஆகவே உருவப்படத்துக்கு ஓரக்கோடு வேண்டாம் என்று எழுதிய விதி செல்லாமல் போகும். வேர் என்னும் தேர்விக்குள் எழுதப்படுபவற்றின் எடை சுழியம் என்பதால், பொது விதிகளை அதற்குள் எழுதினால் பின்வரும் வகுப்பு விதிகள் எளிதில் வெல்லும்.

இத்தகைய இடங்களில் இம்பார்ட்டன்ட் என்னும் சொல்லை ஒட்டித் தீர்த்துவிடுவது வழக்கமாகக் காணப்படுகிறது. அது அப்போதைக்கு வேலை செய்யும். அடுத்த முறை அந்த விதியை மாற்ற வேண்டியவரும் அதே சொல்லை எழுத வேண்டிவரும். தேர்வியில் ஒரு வகுப்பைக் கூடுதலாகச் சேர்த்து எடையைச் சரிசெய்வது நீடித்த தீர்வாகும்.

எடுத்துக்காட்டுப் பக்கத்துக்கான விதிகள்

மேலே கூறிய ராமன் விளைவுப் பக்கத்தின் ஐந்து வகைப் படங்களுக்கும் பின்வருமாறு விதிகள் அமையலாம்.

உருவப்படம்: ராமனின் நிழற்படத்தை வட்டமாகக் காட்ட, பார்டர்-ரேடியஸ் என்னும் கட்டளைக்கு 50% மதிப்புத் தரப்படும். அகலமும் உயரமும் சமமாக இல்லாவிட்டால் நீள்வட்டம்தான் கிடைக்கும். இரண்டையும் 160 பிக்சல் எனச் சமமாக்கி, ஆப்ஜெக்ட்-ஃபிட் என்னும் கட்டளைக்கு கவர் என்ற மதிப்பைத் தந்தால், முகம் நசுங்காமல் ஓரங்கள் மட்டும் மறையும்.

கோட்டுப்படம்: ஓரம் வெட்டப்படக் கூடாது. வரைபடத்தின் குறியெழுத்துகள் பெரும்பாலும் ஓரங்களில்தான் இருக்கும். எனவே ஆப்ஜெக்ட்-ஃபிட் கட்டளைக்கு கன்டெய்ன் என்ற மதிப்பே இதற்கு ஏற்றது.

நிறமாலை: தாங்கும் பெட்டியின் முழு அகலத்தையும் தர வேண்டும். நிறத்தை மாற்றும் எந்தக் கட்டளையும் இதற்குக் கூடாது.

சூத்திரம்: வரிக்குள்ளேயே இருக்க வேண்டும். வெர்டிகல்-அலைன் என்னும் கட்டளைக்கு மிடில் என்ற மதிப்பைத் தந்தால் எழுத்துகளின் நடு உயரத்தோடு ஓரளவு ஒத்துப்போகும். உயரத்தை இஎம் என்னும் அலகில் தருவது நல்லது. அது எழுத்தின் அளவைப் பொறுத்து மாறும் அலகு. படிப்பவர் எழுத்தைப் பெரிதாக்கினால் சூத்திரமும் உடன் பெரிதாகும்.

சின்னம்: இதற்கும் இஎம் அலகில் அகலமும் உயரமும் தரப்படும். ஓரக்கோடும் நிழலும் தேவையில்லை. அச்சுக்கென்று எழுதப்படும் விதிகளில் டிஸ்ப்ளே என்னும் கட்டளைக்கு நன் என்ற மதிப்பைத் தந்தால், பக்கத்தை அச்சிடும்போது தாளில் பயனற்ற ஒலிபெருக்கிச் சின்னம் வராது.

இருள் பயன்முறையில் படங்கள்

படங்களை வேறுபடுத்த வேண்டிய தேவை மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் இருள் பயன்முறை. கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகளாகப் பக்கத்தைக் காட்டும் இம்முறையைப் பலர் இரவு நேரத்திலும், கூச்சம் மிகுந்த கண்ணுடையோர் எப்போதும் பயன்படுத்துகின்றனர். விக்கிப்பீடியா 2024இல் இவ்வசதியை இணையப் பக்கங்களுக்குக் கொண்டுவந்தது.

ராமன் விளைவுப் பக்கம் இருள் பயன்முறைக்கு மாறும்போது, ஊடுருவும் பின்னணியில் கருப்புக் கோடுகள் கொண்ட கோட்டுப்படமும் சூத்திரங்களும் கருப்போடு கருப்பாக மறைந்துவிடும். வாக்கியத்தில் சூத்திரம் இருக்க வேண்டிய இடம் வெற்றிடமாகத் தெரியும். அங்கே ஏதோ இருந்தது என்பதையே படிப்பவர் அறியமாட்டார். இதைச் சரிசெய்ய ஃபில்டர் என்னும் கட்டளைக்கு இன்வர்ட் என்ற மதிப்பைத் தந்தால், கருப்பு வெள்ளையாகவும் வெள்ளை கருப்பாகவும் மாறும்.

அந்தக் கட்டளையை எல்லாப் படங்களுக்கும் பொதுவாக எழுதினால் அடுத்த சிக்கல் பிறக்கும். ராமனின் முகம் பழைய நிழற்படச் சுருளின் எதிர்ப்படம் போலாகும். நிறமாலைக்கு நேர்வது இன்னும் கேடானது. சிவப்பு நீலப்பச்சையாகவும், பச்சை மெஜந்தாவாகவும், நீலம் மஞ்சளாகவும் மாறிவிடும். ராமன் விளைவில், சிதறிய ஒளியின் ஒரு பகுதி அலைநீளம் கூடிச் சிவப்பை நோக்கி நகர்கிறது. மற்றொரு சிறு பகுதி அலைநீளம் குறைந்து நீலத்தை நோக்கி நகர்கிறது. பாடத்தின் மையக் கருத்தே நிறத்தில்தான் உள்ளது. நிறம் புரண்ட படத்தைப் பார்க்கும் மாணவர், உரையில் சிவப்பு என்று படித்துவிட்டு, படத்தில் அதைக் காணாமல் குழம்புவார். ஹியூ-ரொட்டேட் என்னும் மதிப்பை 180 பாகையில் சேர்த்தால் நிறங்கள் ஏறத்தாழப் பழைய சாயலுக்குத் திரும்பும். ஆனால் வெளிச்சமும் இருட்டும் இடம் மாறியே இருக்கும். கருப்புப் பின்னணியில் ஒளிர வேண்டிய கோடுகள் வெள்ளைப் பின்னணியில் நிற்கும்.

எனவே இருள் பயன்முறையில் படங்களை மூன்று வகையாகப் பிரிப்பது பொருத்தமாகும்.

முதல் வகை, புரட்டத்தக்கவை. கருப்புக் கோட்டுப்படங்கள், சூத்திரங்கள், ஒரே நிறச் சின்னங்கள், கையொப்பங்கள் ஆகியவை இதில் அடங்கும்.

இரண்டாம் வகை, வெள்ளைத் தட்டு தேவைப்படுபவை. வண்ணமும் கருப்புக் கோடும் கலந்து, பின்னணி ஊடுருவும் நிலப்படங்கள், விளக்கப்படங்கள் ஆகியவை இவை. நிறங்களுக்குப் பொருள் இருப்பதால் புரட்டக் கூடாது. படத்தின் பின்னணி நிறத்தை வெள்ளையாக்கி, சுற்றிலும் சிறிது இடைவெளி விட்டால் போதும்.

மூன்றாம் வகை, தொடக் கூடாதவை. நிழற்படங்கள், ஓவியங்கள், நிறமாலைகள், கொடிகள் ஆகியவை இவை.

விக்கிப்பீடியா இதே முறையைக் கையாள்கிறது. அங்கே ஸ்கின்-இன்வர்ட் என்னும் வகுப்பு முதல் வகைப் படங்களுக்குரியது. கட்டுரையைத் தொகுப்பவர் படத்தை இடும் வரியில் கிளாஸ் என்பதோடு இப்பெயரைச் சேர்த்தால், இருள் பயன்முறையில் அப்படம் மட்டும் புரளும். எந்தப் படம் புரளத்தக்கது என்பதை மென்பொருளை விட, அப்படத்தைப் பார்த்துப் புரிந்துகொண்ட தொகுப்பாளரே நன்கு முடிவு செய்ய முடியும்.

இவ்விதிகளை எழுதும்போது மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படிப்பவரின் கருவியில் இருள் பயன்முறை இயங்குகிறதா என்பதை பிரிஃபர்ஸ்-கலர்-ஸ்கீம் என்னும் ஊடக வினவல் மூலம் அறியலாம். தளத்துக்கென்று தனியான இருள் பொத்தான் இருந்தால், அந்தப் பொத்தான் பொதுவாகப் பக்கத்தின் முதன்மை உறுப்பில் ஒரு வகுப்பைச் சேர்க்கும். இரண்டு வழியிலும் பக்கம் இருளலாம் என்பதால், இரண்டு நிலைக்கும் விதி எழுதப்பட வேண்டும்.

வகுப்புக்குப் பெயரிடுதல்

வகுப்பின் பெயர் படத்தின் தோற்றத்தைக் கூறாமல் அதன் வேலையைக் கூறுவது நல்லது. சிவப்போரம், வலப்பக்கம், சிறியது போன்ற பெயர்கள் தொடக்கத்தில் எளிதாகத் தோன்றும். ஓராண்டுக்குப் பின் ஓரக்கோட்டை நீலமாக்க முடிவு செய்தால், சிவப்போரம் என்ற வகுப்பு நீல ஓரத்தைத் தரும். உருவப்படம், நிலப்படம், சூத்திரம், சின்னம் போன்ற பெயர்கள் தோற்றம் மாறினாலும் பொருந்தி நிற்கும். இருள் பயன்முறை போல முன்பு எதிர்பாராத ஒன்று வரும்போதும், வேலையின்படி பெயரிட்ட பக்கங்களில் நடைத்தாளில் சில வரிகளைச் சேர்த்தாலே போதுமானது.

கட்டளைச் சொற்கள் ஆங்கிலமாக இருந்தாலும், வகுப்புப் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். சிஎஸ்எஸ் மொழி ஒருங்குறி எழுத்துகளைப் பெயர்களில் ஏற்றுக்கொள்கிறது. இதற்கு மூன்று நிபந்தனைகள் உள்ளன. பெயரின் நடுவே இடைவெளி வரக் கூடாது. இரண்டு சொற்களை ஒரு சிறுகோட்டால் இணைக்கலாம். பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது. நடைத்தாளும் பக்கமும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்கப்பட வேண்டும்.

தமிழுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. ஒருங்குறியில் ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்க் குறிகளை இருவழிகளில் எழுதலாம். கோ என்னும் எழுத்தில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். கொம்பும் காலும் தனித்தனிக் குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சிஎஸ்எஸ் பெயர்களைக் குறியெண் குறியெண்ணாக ஒப்பிடுவதால், அதற்கு இவை இரு வேறு பெயர்கள். பக்கத்தில் கோட்டுப்படம் என்று ஒருவிதமாகவும், நடைத்தாளில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்தால் விதி பொருந்தாது. கண்ணால் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்கவும் இயலாது. பெயரை ஓரிடத்தில் எழுதி, மற்ற இடங்களில் நகலெடுத்து ஒட்டுவது இதைத் தவிர்க்கும். வரைபடம், நிலப்படம், சின்னம் போன்று அக்குறிகள் வராத சொற்களைத் தேர்வதும் ஒரு வழி.

சிஎஸ்எஸ் செய்ய இயலாதவை

சிஎஸ்எஸ் படத்தின் தோற்றத்தை மாற்றுகிறதே தவிர, கோப்பை மாற்றுவதில்லை. 4000 பிக்சல் அகலமுள்ள நிழற்படத்தை 160 பிக்சலாகக் காட்டச் சொன்னாலும், முழுக் கோப்பும் படிப்பவரின் கருவிக்கு இறங்கும். கைபேசித் தரவைக் கொண்டு படிப்பவருக்கு அது நேரமும் செலவும் ஆகும். சிறிய அளவில் காட்டப்படும் படங்களுக்குச் சிறிய கோப்புகளையே தயாரிப்பது முறை.

படத்தைக் காண இயலாதவர்களுக்குச் சிஎஸ்எஸ் எந்த விளக்கமும் தருவதில்லை. திரைபடிப்பான் மென்பொருள், ஆல்ட் என்னும் பண்புக்கூறில் எழுதப்பட்ட மாற்றுரையையே வாசிக்கிறது. சூத்திரப் படத்துக்கு அச்சூத்திரத்தையும், நிறமாலைக்கு அது எதைக் காட்டுகிறது என்பதையும் மாற்றுரையில் எழுத வேண்டும். வெறும் அலங்காரப் படத்துக்கு மாற்றுரையை வெறுமையாக விட்டால் திரைபடிப்பான் அதைத் தாண்டிச் செல்லும். பொத்தானாகப் பயன்படும் ஒலிபெருக்கிச் சின்னத்துக்கு வெறுமையாக விடக் கூடாது; ஒலிப்பைக் கேட்க என்பது போன்ற சொல் தேவை.

சரிபார்த்தல்

எழுதிய விதி வேலை செய்யாதபோது, உலாவியில் படத்தின் மேல் வலச்சொடுக்கி ஆய்வுக் கருவியைத் திறக்கலாம். அப்படத்துக்குப் பொருந்தும் விதிகள் யாவும் அங்கே முன்னுரிமை வரிசையில் காட்டப்படும். கோடு அடிக்கப்பட்ட கட்டளை வேறொரு விதியிடம் தோற்றது எனப் பொருள். எழுதிய விதி அந்தப் பட்டியலிலேயே இல்லையென்றால், தேர்வி படத்தோடு பொருந்தவில்லை அல்லது நடைத்தாள் ஏற்றப்படவில்லை எனக் கொள்ளலாம். முதல் நிலையில் எடையைப் பார்க்க வேண்டும். இரண்டாம் நிலையில் பெயரின் எழுத்துகளையும் நடைத்தாளின் முகவரியையும் பார்க்க வேண்டும்.

விதி பொருந்திய பின்னும் நான்கு நிலைகளில் பக்கத்தைப் பார்ப்பது நல்லது: கணினித் திரை, கைபேசித் திரை, இருள் பயன்முறை, அச்சு முன்னோட்டம். ஆய்வுக் கருவியிலேயே திரை அகலத்தையும் இருள் பயன்முறையையும் மாற்றிப் பார்க்கும் வசதி குரோம், ஃபயர்பாக்ஸ் போன்ற உலாவிகளில் உள்ளது. ஒவ்வொரு நிலையிலும் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை உருட்டி, வகைக்கு ஒரு படமாவது சரியாகத் தெரிகிறதா என்றும், உரையில் கூறப்பட்ட நிறமும் குறியெழுத்தும் படத்தில் அப்படியே உள்ளனவா என்றும் ஒப்பிட வேண்டும். வரிக்குள் வரும் சூத்திரங்களைத் தனியே கவனிக்க வேண்டும். மற்ற படம் மறைந்தால் பெரிய வெற்றிடம் தெரியும். சூத்திரம் மறைந்தால் இரண்டு சொற்களுக்கிடையே சற்றுக் கூடுதலான இடைவெளி மட்டுமே தெரியும்.